ஜூன் மாதத்து ஹான்ஸ்

கோபமாக இருக்கும்போது நான் கார் ஓட்டக் கூடாது என்பது லெக்னரின் உத்தரவு. அன்றைக்கு ஓட்டியது நான்தான். சிறைச்சாலை வாசலிலிருந்து கிளம்பிய வேகத்தில் எங்கள் பழைய ஃபோக்ஸ்வேகனின் கதவுகள் கடகடத்தன. பக்கத்தில் துப்பறியும் நிபுணர் கோர்பீனியன் லெக்னர் தொப்பியை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ஃப்ரௌக்கே, அந்தப் பால் வண்டிக்காரன் நமக்கு ஒரு கெடுதலும் செய்யல," என்றார்.

"அரசு வக்கீல் வண்டின்னு நெனச்சுட்டேன் பாஸ்."

அரசு வக்கீலின் பெயர் டாக்டர் ஸான்ஃப்ட்லேபன். மென்மையாக வாழ்பவர் என்று அர்த்தம். அவருடைய முப்பாட்டன் எவனோ அடிதடிக்குப் போகாத ஆளாக இருந்திருக்கிறான். ஊரார் வைத்த பட்டப்பெயர் குடும்பப்பெயராக ஒட்டிக்கொண்டது. பேரன் இப்போது, நாங்கள் சற்றுமுன் சிறையில் பார்த்துவிட்டு வந்த அஃப்ரா ஹோல்ஸ்ல் என்ற பெண்ணை ஆயுள் முழுக்க உள்ளே தள்ளப் போகிறான், அதுவும் மிக மென்மையாக. திங்கட்கிழமை குற்றப்பத்திரிகை. அன்று சனிக்கிழமை.

அஃப்ரா, ஓபர்ஹைஸிங் கிராமத்தில் ஹான்ஸ் ஏர்ட்ல் என்ற கிழவரின் வீட்டைப் பார்த்துக்கொண்டவள். மனைவியை இழந்த மனிதர். சமைத்துப் போட்டு, மாடு கறந்து, அவருக்குக் காலில் புண் வந்தபோது கட்டுப் போட்டு, பல வருஷம் அந்த வீட்டில் உழைத்தவள். ஜூன் இருபத்து நாலாம் தேதி ராத்திரி ஊரே குன்றின் மேல் புனித யோவான் திருநாள் நெருப்பு மூட்டிக் கொண்டாடிக்கொண்டிருந்தது. அவளும் போயிருந்தாள். திரும்பி வந்தபோது கிழவர் நிலவறைப் படிகளின் அடியில் கழுத்து முறிந்து கிடந்தார். அலறியது அவள். மாட்டிக்கொண்டதும் அவள்.

மாட்டிவிட்டது கிழவரின் ஒரே மகன். அவன் பெயரும் ஹான்ஸ்தான். அப்பாவிலிருந்து பிரித்துச் சொல்ல ஹான்னெஸ் என்பார்கள். பட்டணத்தில் கார் விற்பவன். அவன் வாக்குமூலம் இது. அப்பாவின் நாமவிழாவுக்கு, அதாவது அவர் பெயர் கொண்ட புனிதரின் திருநாளுக்கு, வாழ்த்துச் சொல்ல மதியம் கேக்கோடு வந்தான். அப்பாவும் மகனும் மேஜையில் உட்கார்ந்து சந்தோஷமாகச் சாப்பிட்டார்கள். கிளம்பும்போது, வீட்டைத் தன் பேருக்கு எழுதி வைக்கச் சொல்லி அஃப்ரா கிழவரிடம் கத்தியது அவன் காதில் விழுந்தது. போலீஸ் எடுத்த படத்தில் மேஜைமேல் கேக்கும் இரண்டு தட்டுகளும் இருந்தன. அவன் காரை மதியம் பார்த்தவர்களும் உண்டு. போலீசுக்கு வேறென்ன வேண்டும்?

கேக்கைச் சுட்டது தான்தான் என்றும், தான் குன்றுக்குக் கிளம்பியபோது ஹான்னெஸ் இன்னும் வீட்டில்தான் இருந்தான் என்றும் அஃப்ரா சொல்லியிருக்கிறாள். வேலைக்காரியின் வார்த்தையா, கோட்டு போட்ட மகனின் வார்த்தையா? ஸான்ஃப்ட்லேபன் காலண்டரைப் பார்த்தார். ஜூன் 24, புனித யோவான் என்று போட்டிருந்தது. யோவான்தான் எங்கள் ஜோஹன்னஸ், ஜோஹன்னஸின் சுருக்கம்தான் ஹான்ஸ். நாமவிழா சரி, மகன் சொன்னது சரி, கோப்பை மூடு.

ஓபர்ஹைஸிங்கில் லெக்னர் முதலில் என்னைக் கல்லறைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போனார். வீட்டைப் பார்க்க வேண்டாமா, கைரேகை வேண்டாமா என்று கேட்டேன். அதற்கெல்லாம் சம்பளம் வாங்க ஆள் இருப்பதாகச் சொல்லிவிட்டு, ஹான்ஸ் ஏர்ட்லின் புதுக் குழியருகே நின்றார். கல் இன்னும் வைக்கவில்லை. மரச் சிலுவையில் ஜோஹன்னஸ் ஏர்ட்ல் என்று முழுப் பெயரும், பிறந்த தேதியும், இறந்த தேதியும் எழுதியிருந்தன. லெக்னர் அதை அளவுக்கு மீறிய நேரம் பார்த்தார்.

"உனக்குப் பொறந்தநாள் எப்ப?"

"மார்ச்ல. எங்க ஊர்ல கேக் வெட்டுவோம். நீங்க இன்னும் ஒரு தடவகூட வாங்கிக் குடுத்ததில்ல."

நான் வடக்குக் கடலோரத்துக்காரி. புனிதர்களைக் கொண்டாடாத லூத்தரன் வீட்டுப் பெண். எங்கள் பக்கத்தில் அப்பாவின் பெயரே பிள்ளைக்குக் குடும்பப்பெயர். தலைமுறைக்குத் தலைமுறை மாறும். பிரெஞ்சுக்காரன் வந்து, இனிப் பெயரை மாற்றக் கூடாது என்று சட்டம் போட்ட நாளில் எங்கள் வீட்டில் ஹார்ம் என்ற கிழவன் உட்கார்ந்திருந்தான். அதனால் இன்றைக்கும் நான் ஹார்ம்ஸ். இங்கே பவேரியாவில் கத்தோலிக்கர்களுக்குப் பிறந்தநாளைவிட நாமவிழா பெரிது. எந்தப் புனிதரின் பெயரை வைத்திருக்கிறார்களோ அந்தப் புனிதரின் திருநாள்தான் அவர்களுக்குக் கேக் நாள். பல வருஷம் இங்கே இருந்து அது எனக்குப் பழகிவிட்டது. அதற்குமேல் தெரியாது.

"கெழவர் எப்ப பொறந்திருக்காரு பாரு," என்றார் லெக்னர்.

டிசம்பர் 26 என்றிருந்தது.

"சரி. கிறிஸ்துமஸுக்கு மறுநாள். அதனால?"

"யோவான்னா ஒரே ஆளுன்னு நெனச்சியா? ஞானஸ்நானம் குடுத்த யோவானுக்கு ஜூன் இருபத்து நாலு. நற்செய்தி எழுதின யோவானுக்கு டிசம்பர் இருபத்தேழு. அந்தக் காலத்துல புள்ள பொறந்தா மறுநாளே கோயிலுக்குத் தூக்கிட்டு ஓடுவாங்க. ஞானஸ்நானம் இல்லாம செத்துடக் கூடாதேன்னு பயம். இருபத்தாறாம் தேதி பொறந்த புள்ளைய இருபத்தேழாம் தேதி தூக்கிட்டுப் போறாங்க. வெளிய முழங்கால் அளவு பனி. அன்னிக்கே ஒரு யோவான் வாசல்ல நிக்கிறப்ப, ஆறு மாசம் தள்ளி இருக்கிறவர எவன் கூப்பிடுவான்?"

ஜூன் இருபத்து நாலு கிழவரின் நாளே இல்லை என்றால், மகன் எதற்கு வாழ்த்துச் சொல்ல வந்தான்?

"இந்த ஸான்ஃப்ட்லேபனுக்கு..."

"அவருக்கு எப்படித் தெரியும்? உன்ன மாதிரி வடக்கத்தி லூத்தரன். காலண்டரப் பார்த்தாரு."

"நான் காலண்டரே பார்க்க மாட்டேன் பாஸ். என்னோட சேர்த்துப் பேசாதீங்க."

இது வெறும் யூகம்தான் என்று லெக்னர் அடக்கினார். ஊரில் யாராவது உறுதி செய்ய வேண்டும். கோயில் வாசலில் கோயில்பிள்ளை எர்ஹார்ட் சருகு கூட்டிக்கொண்டிருந்தார். லெக்னர் அவரிடம் ஏர்ட்ல் ஹான்ஸைப் பற்றி விசாரித்தார். இங்கே குடும்பப்பெயரை முன்னால் போட்டுத்தான் ஆளைச் சொல்வார்கள். ஏர்ட்ல் ஹான்ஸ் எப்பேர்ப்பட்ட மனுஷர் என்று எர்ஹார்ட் ஆரம்பித்தார். வருஷா வருஷம் டிசம்பர் இருபத்தேழாம் தேதி சாமியார் திராட்சை ரசத்தை மந்திரிப்பார். முதல் பாட்டில் ஹான்ஸுடையதாகத்தான் இருக்கும். பூசை முடிந்ததும் கோயில் வாசலிலேயே எல்லோருக்கும் ஊற்றிக் கொடுப்பார். ஜூன் மாதத்தில் யாராவது தெரியாமல் வாழ்த்துச் சொல்லிவிட்டால் சண்டைக்கு வருவார்.

"அது தலை போன யோவான்யா, என் தலை இன்னும் கழுத்து மேலதான் இருக்குன்னு கத்துவாரு," என்றார் எர்ஹார்ட், சிரித்தபடி. ஜூன் மாதத்து யோவானின் தலையை ஒரு அரசன் வெட்டிவிட்டான்.

மகன் சொன்னதாகப் பத்திரிகையில் வந்ததைப் படித்தீர்களா என்று நான் கேட்டேன். சிரிப்பு நின்றது. அவர் துடைப்பத்தைப் பார்த்தார். படித்ததாகச் சொன்னார். அப்புறம் ஏன் போலீசில் சொல்லவில்லை?

"யாரும் கேக்கலயேம்மா."

அந்தத் துடைப்பத்தைப் பிடுங்கி ஒரு அடி போட்டிருப்பேன். லெக்னர் என் முழங்கையைப் பிடித்துத் தள்ளி நிறுத்திவிட்டு, எர்ஹார்டிடம் தாழ்ந்த குரலில் இன்னொரு கேள்வி கேட்டார். பதிலைக் கேட்டதும் தொப்பியைக் கழற்றினார். என்ன பதில் என்று எனக்குச் சொல்லவில்லை. அவர் முகத்தைப் பார்த்து நானும் கேட்கவில்லை.

"ஹான்னெஸ் இன்னிக்கு ஊர்லதான் இருக்கான். சத்திரத்துல எல்லாருக்கும் பீர் வாங்கித் தர்றான். வா, நாமளும் ஓசியில குடிக்கலாம்," என்றார்.

சத்திரத்தை நடத்துபவள் நோட்பர்கா. அகலமான பெண், நீல ஏப்ரன். நாங்கள் நுழைந்தபோது சாயங்கால வெளிச்சம் இன்னும் ஜன்னலில் இருந்தது. நடு மேஜையில் ஊர்ப் பெரிய விவசாயிகள் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். மூலையில் ஊர்க் காவலர் சூப் குடித்துக்கொண்டிருந்தார். ஆணியில் மூங்கில் குச்சியில் செருகித் தொங்கிய பத்திரிகையில் அஃப்ராவின் புகைப்படம் இருந்தது. ஓரமெல்லாம் எண்ணெய் விரல்கள் பட்டு மஞ்சளாகிவிட்டது. அந்த அறையில் அதைப் படிக்காதவர் ஒருவர்கூட இல்லை.

மேஜைத் தலைமாட்டில் ஹான்னெஸ் ஏர்ட்ல். நல்ல கோட்டு, நல்ல பல். அப்பாவின் புல்வெளியை ஜல்லி எடுக்க விற்கப்போகிறான். புது ரோடு வரும், லாரி வரும், எல்லோர் நிலத்துக்கும் விலை ஏறும் என்று சொல்லி வைத்திருக்கிறான். ஊர் ஏன் வாயைத் திறக்கவில்லை என்பது எனக்கு அப்போது புரிந்தது. அஃப்ரா வேறு பள்ளத்தாக்கிலிருந்து வந்தவள். கல்யாணமாகாதவள். அவளுக்காக எவன் ரோட்டை விடுவான்?

லெக்னர் மிகுந்த மரியாதையோடு ஹான்னெஸின் பக்கத்தில் உட்கார்ந்தார். துக்கம் விசாரித்தார். பத்திரிகையில் படித்தபோது தன் மனசு கனத்துவிட்டதாகவும், இந்தக் காலத்தில் அப்பாவின் நாமவிழாவை நினைவு வைத்திருக்கும் பிள்ளை எங்கே கிடைப்பான் என்றும் சொன்னார். அந்தக் கடைசி நாளைப் பற்றி அவன் வாயாலேயே கேட்க வேண்டுமாம். நான் பீரில் மூக்கை நுழைத்துக்கொண்டேன். இல்லாவிட்டால் சிரித்திருப்பேன், அல்லது கடித்திருப்பேன்.

ஹான்னெஸ் சொன்னான். ஒவ்வொரு வருஷமும் வர முடியாவிட்டாலும் ஜூன் இருபத்து நாலை மறந்ததில்லை என்றான். இந்தத் தடவை பட்டணத்தில் நல்ல கடையில் கேக் வாங்கினான். அப்பா வாசலுக்கே ஓடி வந்தார்.

"உங்க நாமவிழாவுக்கு வாழ்த்துக்கள்ப்பான்னேன். கண்ணுல தண்ணி வந்துடுச்சு அவருக்கு."

சீட்டு விழும் சத்தம் நின்றது. ஒருவன் தன் சீட்டுகளை மேஜையில் கவிழ்த்து வைத்தான். யாரும் யாரையும் பார்க்கவில்லை. நோட்பர்கா குழாயைத் திறந்தபடி நின்றாள், பீர் கோப்பை நிரம்பி அவள் கைமேல் வழிந்தது. ஹான்னெஸ் சுற்றும் முற்றும் பார்த்தான். தான் என்ன தப்பாகச் சொன்னோம் என்று அவனுக்குப் புரியவில்லை. அந்த அறையில் புரியாதவன் அவன் ஒருவன்தான்.

லெக்னர் எழுந்தார். இத்தனை வருஷத்தில் அவர் குரல் அப்படி உயர்ந்து நான் கேட்டதில்லை.

"செஹெட்மயர்," என்றார், மேஜையில் இருந்தவர்களில் பெரிய பண்ணைக்காரரைப் பார்த்து. "உங்க பேருக்கு என்ன அர்த்தம்னு தெரியுமில்ல? உங்க முப்பாட்டன் ஊரார் வெளச்சல்ல பத்துல ஒரு பங்கு வசூல் பண்ணினவன். நீங்க ஒரு பொம்பள உயிர்ல பங்கு வாங்கறீங்க. அவன் பரவாயில்ல, மிச்ச ஒம்பத விட்டு வச்சான்."

செஹெட்மயரின் கழுத்து சிவந்தது. போலீஸ் தன்னிடம் எதுவும் கேட்கவில்லை என்று முனகினார்.

"கேக்கலன்னா? உங்க வைக்கோல் போர்ல தீப்பிடிச்சா, பக்கத்து வீட்டுக்காரன் நீங்க கேக்கற வரைக்கும் உக்காந்திருப்பானா?"

செஹெட்மயரின் பக்கத்திலிருந்த ஷ்வைகர் என்ற விவசாயி கோப்பையின் அடியைப் பார்த்தான். அந்தப் பெயருக்கு வாய்மூடி என்று அர்த்தம் போலிருக்கிறது என்றேன், எல்லோருக்கும் கேட்கும்படியாக. இல்லை, பால்மாட்டுப் பண்ணைக்காரன் என்று அர்த்தம் என்று லெக்னர் அந்தக் கோபத்திலும் என்னைத் திருத்தினார். மாட்டுக்காவது கத்தத் தெரியும் என்றேன்.

ஹான்னெஸ் எழுந்துவிட்டான். என்ன நாடகம் இது என்று கேட்டான். தனக்கும் அப்பாவுக்கும் ஒரே பெயர், ஒரே நாள், சின்ன வயசிலிருந்து ஜூன் இருபத்து நாலுக்குத்தான் வீட்டில் கேக் சுட்டார்கள், இதில் என்ன குற்றம் கண்டுபிடித்தீர்கள் என்று கத்தினான்.

லெக்னர் அவனை விட்டுவிட்டு நோட்பர்காவைத் திரும்பிப் பார்த்தார்.

"அம்மா, உங்க பேர்ப் புனிதை யாரு? பண்ணை வேலைக்காரப் பொண்ணுங்களுக்குக் காவல் இருக்கறவ. ஒரு வேலைக்காரி ஜெயில்ல உக்காந்திருக்கா. நீங்களும் யாராவது கேக்கட்டும்னுதான் இருக்கீங்களா?"

நோட்பர்கா குழாயை மூடினாள். கையை ஏப்ரனில் துடைத்தாள். நேராக ஹான்னெஸின் முன்னால் வந்து நின்றாள்.

"உங்கப்பாவுக்கு டிசம்பர்லடா நாமவிழா. இந்த ஊர்ல சின்னப் புள்ளைக்குக்கூடத் தெரியும். உனக்கு எப்படித் தெரியும்? ஒரு வருஷம் வந்தியா?"

"அப்ப அந்தக் கேக்கு..."

"வருஷா வருஷம் மொத நாள் அஃப்ரா வந்து எங்கிட்ட வெண்ண வாங்கிட்டுப் போவா. கெழவர் சொல்லி அனுப்புவாரு. மேஜையில ரெண்டு தட்டு வைப்பாரு. நீ வந்தா தனியாப் பேசணும்னு அவள நெருப்பு பாக்கப் போகச் சொல்லிடுவாரு. மறுநாள் அந்தக் கேக்க அவ இங்க கொண்டாந்து எங்க புள்ளைங்களுக்குக் குடுப்பா. ஜூன்ல பொறந்தவன் நீதான்டா. அது உன் நாள். அந்தக் கேக்கு உனக்குச் சுட்டது."

லெக்னர் கோயில்பிள்ளையிடம் கேட்ட கேள்வி இதுதான் என்று எனக்குப் புரிந்தது. ஜூன் இருபத்து நாலு யாருடைய நாள்?

அவர் இப்போது மெல்லப் பேசினார். முதல் துண்டு எப்போதும் யாருடைய நாளோ அவருக்குத்தான் போகும். கிழவரின் நாற்காலி, வீட்டுச் சுவரில் மாட்டிய சிலுவைக்குக் கீழே மூலையில். போலீஸ் எடுத்த படத்தில் வெட்டின ஒரே துண்டு அந்த மூலையில் இல்லை, எதிரே விருந்தாளிப் பெஞ்சுக்கு முன்னால் இருக்கிறது. அதில் ஒரு விள்ளல்கூடக் குறையவில்லை. சந்தோஷமாகச் சாப்பிட்டோம் என்று சொன்னவன் எதைச் சாப்பிட்டான்? வாழ்த்துச் சொல்ல வராதவன் எதற்கு வந்தான்? ஜல்லிக் கம்பெனிக்காரனுக்கு நிலப் பத்திரத்தில் ஒரு கையெழுத்து தேவைப்பட்டது. அது கிழவருடைய கையெழுத்து.

ஹான்னெஸ் உட்கார்ந்துவிட்டான். மறுப்பான், வக்கீலைக் கூப்பிடுவான், மேஜையைக் கவிழ்ப்பான் என்று நான் தயாராக இருந்தேன். அவன் யாரையும் பார்க்காமல் பேசினான்.

"இருட்டற வரைக்கும் கெஞ்சினேன். நிலவறைக் கதவுகிட்ட நின்னு, கையெழுத்துப் போடுங்கன்னு பேப்பர நீட்டினேன். மொதல்ல உக்காந்து ஒரு வாய் சாப்பிடுடான்னாரு. எனக்கு நேரமில்லன்னேன். கையப் புடிச்சு மேஜைக்கு இழுத்தாரு. உதறினேன்."

உதறிய வேகத்தில் கிழவர் திறந்திருந்த நிலவறைக் கதவு வழியாகப் படிகளில் போய் விழுந்திருக்கிறார். ஊர்க் காவலர் மீசையைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்து அவன் தோளில் கை வைத்தார். எனக்கு அவன்மேல் இரக்கம் வரவில்லை. உதறியது ஒரு நொடி என்றே வைத்துக்கொள்வோம். அதற்குப் பிறகு ஒரு கோடைகாலம் முழுவதும் ஒன்றும் செய்யாத ஒருத்தியை உள்ளே உட்கார வைத்துவிட்டு கார் விற்றுக்கொண்டிருந்தானே, அது எந்தக் கணக்கில் சேரும்?

இதையெல்லாம் அரசு வக்கீல் முன்னால் சொல்ல யார் வருகிறீர்கள் என்று லெக்னர் கேட்டார். நோட்பர்கா ஏப்ரனைக் கழற்றிக் கல்லாவின் மேல் போட்டாள். அவள் போட்ட பிறகுதான் ஒவ்வொருவனாக எழுந்தான். கடைசியில் எல்லோரும் எழுந்தார்கள். ஜல்லி ரோடு போய்விட்டது என்று தெரிந்த பிறகு நியாயம் பேச எல்லோருக்கும் வாய் வந்துவிட்டது.

திங்கட்கிழமை மதியம் அஃப்ராவை விட்டார்கள். டாக்டர் ஸான்ஃப்ட்லேபன் மிக மென்மையாக வருத்தம் தெரிவித்தார். அவள் ஒரு சின்னப் பெட்டியோடு வெளியே வந்தாள். ஜெயில் வாசலில் செஹெட்மயர் கழுவித் துடைத்த காரோடு நின்றார், கையில் பூங்கொத்து. பின்னால் இன்னும் இரண்டு கார்கள், ஒன்றில் நோட்பர்கா. தொப்பிகள் எல்லாம் கையில் இருந்தன. ஊரே அவளுக்காகக் காத்திருப்பதாகவும், கோயிலில் அவள் இடத்தில் யாரையும் உட்கார விடவில்லை என்றும், நடந்ததையெல்லாம் மறந்துவிட வேண்டும் என்றும் செஹெட்மயர் சொன்னார்.

அஃப்ரா பூங்கொத்தைப் பார்த்தாள். அவர்களை ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். கை நீட்டவில்லை. நோட்பர்காவுக்கு மட்டும் தலையை அசைத்துவிட்டு என்னிடம் வந்தாள்.

"பஸ் எங்க நிக்கும்?" என்றாள்.

எந்த ஊர் பஸ் என்று கேட்டேன்.

"அந்த ஊருக்குப் போகாத எதுவா இருந்தாலும் சரி."